தொலைந்த இலச்சினையும் கோட்டின் பருமனும்

இவ்வாண்டு மலரின் முகப்பில் விளங்கும் நம் சங்கத்தின் இலச்சினை, அன்பர்களுக்குப் பழையது போலவும் தோன்றும். புதியது போலவும் தோன்றும். இரண்டும் உண்மையே. இரட்டை வட்டத்தினுள் ஒரு குத்துவிளக்கும், அதனடியில் விரித்து வைத்த ஓலைச்சுவடியும் அமைந்த இச்சின்னத்தை, சங்கத்தைத் தோற்றுவித்த பெரியோருள் ஓவியப் பயிற்சியுடைய ஒருவர் தம் கையாலேயே வரைந்தளித்தார். அதனைத் துத்தநாகத் தகட்டில் பிளாக்காக எடுத்து, மரக்கட்டையில் அறைந்து, மலர்களிலும் அழைப்பிதழ்களிலும் ரசீதுகளிலும் பல்லாண்டு அச்சிட்டு வந்தனர். அச்சகங்கள் ஈய எழுத்தைக் கைவிட்டு ஆப்செட்டு முறைக்கு மாறிய காலத்தில் அந்தப் பிளாக்கு எங்கோ மறைந்தது. மூல ஓவியமோ அதற்கும் முன்பே மறைந்திருந்தது. பின்னர் வந்த நாங்கள், பழைய மலரின் முகப்பைப் படமெடுத்தும், அப்படத்தையே மறுபடியும் படமெடுத்தும் காலந்தள்ளினோம். படிக்குப் படி என்று தேய்ந்து வந்ததில், சுவடியின் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. விளக்கின் தண்டு ஓரிடத்தில் பருத்தும் ஓரிடத்தில் இளைத்தும் போயிற்று. அது விளக்கென்று நமக்குத் தெரிந்தது, பழக்கத்தின் பயனே அன்றி வேறில்லை.

இதனைக் கணிப்பொறியில் செம்மையாக வரைந்து தருமாறு செயற்குழுவினர் என்னையும், இளைஞர் ஒருவரையும் பணித்தனர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைப் பொழுதில் முடிந்துவிடும் என்றே எண்ணினோம். இரண்டு திங்கள் ஆயின. எங்களை மயங்க வைத்த வினா ஒன்றே: தாளில் தெரியும் கோணலில் எது வரைந்தவருடைய கை, எது அச்சு இயந்திரத்தின் பிழை? இதே வினாவை எங்களினும் பன்மடங்கு பெரிய அளவில் எதிர்கொண்டவர்கள் லண்டன் மாநகரில் தேம்ஸ் ஆற்றங்கரையில் வாழ்ந்திருக்கின்றனர். அவர்கள் வரலாறு எங்களுக்குக் கைவிளக்காயிற்று.

அவ்வரலாற்றுக்குள் புகுமுன், கணிப்பொறி வரைவு இருவகைப்படும் என்பதைச் சொல்லிவிடல் வேண்டும். ஒளிப்படம் என்பது வண்ணப்பொடியை மணிமணியாகத் தூவி நிரப்பிய கோலம் போன்றது. அதைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் ஒவ்வொரு மணியும் பத்து மடங்கு பெரிதாகி, உருவம் படிக்கட்டுப் படிக்கட்டாய் உடைந்து தெரியும். வெக்டர் வரைவு அவ்வாறன்று. நம் இல்லத்துப் பெண்டிர் சிக்குக் கோலத்தை மனத்தில் வைத்திருக்கும் முறையே அது. எத்தனை புள்ளி, எந்தப் புள்ளியைச் சுற்றி இழை எவ்வாறு வளைகிறது என்ற விதியை மட்டுமே அவர்கள் வைத்திருக்கின்றனர். அவ்விதி கையில் இருந்தால், பூசையறைப் பலகையிலும் வரையலாம். கோயில் வெளிப் பிராகாரத்திலும் வரையலாம். இழை உடையாது.

வளைவை விதியாகச் சொல்லும் இக்கணக்கு, மோட்டார் வண்டித் தொழிலில் பிறந்தது என்பது பலர் அறியாத செய்தி. பிரான்சு நாட்டில் சித்ரோவன் நிறுவனத்தில் பணியாற்றிய பால் தெ காஸ்தெல்ஜோ 1959-இல் இதனைக் கண்டார். நிறுவனம் அதனை மறைபொருளாகவே வைத்துக்கொண்டது. ரெனோ நிறுவனத்தின் பொறியாளர் பியர் பெசியே 1960-களில் இதனை உலகறிய வெளியிட்டமையால், வளைவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நான்கு புள்ளிகள் போதும்: இரண்டு, கோடு தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் காட்டும், மற்ற இரண்டு, கோட்டைத் தொடாமலே அதனைத் தம்பால் இழுத்து வளைக்கும். 1984-இல் வெளிவந்த போஸ்ட்ஸ்கிரிப்டு என்னும் அச்சுமொழி இக்கணக்கை ஏற்றது முதல், அச்சுலகில் எழுத்தும் சின்னமும் பெரும்பாலும் இவ்வாறே வரையப்பெறுகின்றன. நடுக்கோட்டை மட்டும் வரைந்து, அதன் பருமன் இவ்வளவு என்று ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால், கோடு முதலிலிருந்து முடிவு வரை ஒரே பருமனாக ஓடும்.

இனி லண்டனுக்குச் செல்வோம். 1888-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் மாலை, எமரி வாக்கர் என்பவர் அந்நகரில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அவர் புலவரும் அல்லர், பேச்சாளரும் அல்லர். பிளாக்கு எடுக்கும் தொழிலர். பழைய நூல்களின் அச்செழுத்துக்களைப் புகைப்படமெடுத்து, ஒளிவிளக்கின் மூலம் திரையில் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டினார். அவையில் அமர்ந்திருந்த கவிஞரும் கைவினைஞருமான வில்லியம் மாரிஸ், தாமே எழுத்து வார்த்து நூல் அச்சிட வேண்டும் என்ற வேட்கை கொண்டார். அவர் 1891-இல் தொடங்கிய கெல்ம்ஸ்காட் அச்சகம் அம்மாலைப் பொழுதின் பயன்.

வாக்கர் போற்றிய எழுத்துக்களுள் தலையாயவை, நிக்கோலாஸ் ஜென்சன் என்ற பிரெஞ்சுக்காரர் 1470-களில் வெனிஸ் நகரில் அச்சிட்டவை. ஜென்சன் செதுக்கிய எஃகு அச்சுக்கள் காலவெள்ளத்தில் எப்போதோ போயின. எஞ்சியவை அச்சிட்ட தாள்களே. ஈரத்தாளில் மை தோய்ந்த உலோகத்தை அழுத்தும்போது மை ஓரங்களில் பிதுங்கும். எழுத்தின் உண்மையான விளிம்பைக் கடந்து மெல்லியதொரு கரை கட்டும். ஆகவே தாளில் காணும் எழுத்து, உலோகத்தில் இருந்த எழுத்தைவிடச் சற்றுப் பருத்தது. அதனை அப்படியே வரைந்து, மறுபடி உலோகத்தில் செதுக்கி, மறுபடி மை தோய்த்து அழுத்தினால், பருமன் இரட்டிக்கும். எங்கள் இலச்சினைக்கு நேர்ந்த கதி இதுவே என்பது இவ்விடத்தில்தான் எனக்குப் புலப்பட்டது.

1900-இல் வாக்கரும், நூற்கட்டுக் கலைஞரான காப்டன்-சாண்டர்சனும் கூடி, ஹாமர்ஸ்மித் என்னும் ஆற்றங்கரைப் பகுதியில் டவ்ஸ் அச்சகத்தைத் தொடங்கினர். அருகிலிருந்த ஒரு விடுதியின் பெயரே அச்சகத்தின் பெயராயிற்று. ஜென்சனின் பக்கங்களைப் பெரிதாகப் படமெடுத்து, மை பிதுங்கிய பகுதியைக் கழித்து, எழுத்தின் உள்ளுருவைக் கணித்து, வாக்கரின் தொழிலகத்தில் வரைபடங்கள் எழுதினர். எட்வர்ட் பிரின்ஸ் என்னும் செதுக்குவினைஞர் அவற்றை எஃகில் வெட்டினார். ஒரே அளவு, சாய்வெழுத்து இல்லை, அணிவேலை இல்லை. அந்த ஓரெழுத்தைக் கொண்டே ஐந்து தொகுதிகளில் விவிலியத்தை அச்சிட்டு 1905-இல் முடித்தனர். அச்சுக்கலை வரலாற்றில் அந்நூலுக்குத் தனியிடம் உண்டு.

பங்காளிகளிடையே பிணக்கு மூண்டது. 1909-இல் பிரிந்தனர். காப்டன்-சாண்டர்சன் வாழும் வரை எழுத்து அவரிடம் இருப்பது, அவர் மறைந்தபின் வாக்கரைச் சேர்வது என்று உடன்படிக்கை. காப்டன்-சாண்டர்சனோ வாக்கரைவிட முதியவர். தம் எழுத்து தமக்குப்பின் பிறர் கையில் இயந்திர அச்சுக்கு ஆட்படும் என்பதை அம்முதியவரால் பொறுக்க இயலவில்லை. 1913-இல் செதுக்கிய எஃகுத் துண்டுகளையும் செப்பு வார்ப்படங்களையும் தேம்ஸ் ஆற்றில் எறிந்தார். 1916 ஆகஸ்டுத் திங்கள் இறுதி தொடங்கி 1917 ஜனவரி வரை, ஈய எழுத்து முழுவதையும் இரவு நேரங்களில் சிறு சிறு பொதிகளாகச் சுமந்து சென்று ஹாமர்ஸ்மித் பாலத்தின்மேல் நின்று ஆற்றில் போட்டார். ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடை. ஏறத்தாழ நூற்றெழுபது நடை. எழுபத்தாறு வயது கிழவர், போர்க்கால இருளில், காவலர் கண்ணில் படாமல் செய்த வேலை. இதனைத் தம் நாட்குறிப்பில் தாமே எழுதி வைத்திருக்கிறார். 1922-இல் அவர் மறைந்தபின், வாக்கர் அவர் மனைவியார்மீது வழக்குத் தொடுத்து இழப்பீடு பெற்றார், எழுத்தைப் பெறவில்லை.

அம்முதியவர் செய்தது பிழை என்பதில் எனக்கு ஐயமில்லை. உடன்படிக்கையை மீறியது ஒரு பிழை; பலருடைய உழைப்பைத் தமது என்று கருதியது மற்றொன்று. ஆயினும் நம் பிளாக்கைக் குறித்து எண்ணும்போது ஒன்று உறுத்துகிறது. அவர் எழுத்தை அளவிறந்த பற்றினால் தொலைத்தார். நாம் நம் இலச்சினையைக் கவனமின்மையால் தொலைத்தோம்.

ஏறத்தாழ நூறாண்டு கழிந்து, 2010-இல், ராபர்ட் கிரீன் என்னும் வரைவுக்கலைஞர் டவ்ஸ் எழுத்தைக் கணிப்பொறியில் மீட்டெழுத முற்பட்டார். அவர் கையில் இருந்தவையும் அச்சிட்ட பக்கங்களே. வாக்கர் ஜென்சனுக்குச் செய்ததை, கிரீன் வாக்கருக்குச் செய்ய வேண்டியதாயிற்று: மையைக் கழித்து, உலோகத்தை ஊகித்தல். ஒரே எழுத்து ஒரு பக்கத்தில் நூறு முறை வந்தால் நூறும் நூறு விதமாகப் பதிந்திருக்கும். எதை நம்புவது? 2013-இல் தம் வரைவை வெளியிட்டார். மனநிறைவு வரவில்லை. 2014-இல் நீர்வற்றிய நேரம் பார்த்துப் பாலத்தருகே கரையில் தேடியவருக்குச் சில எழுத்துக்கள் கிடைத்தன. பின்னர்த் துறைமுக அதிகாரத்தைச் சேர்ந்த முக்குளிப்போர் இறங்கித் தேடி, மொத்தம் நூற்றைம்பது எழுத்துக்களை எடுத்துக் கொடுத்தனர். தொலைந்த மூலம் ஆற்றிலிருந்து எழுந்து வந்து, ஊகித்து வரைந்த படியின் எதிரே நின்றது. கிரீன் அவற்றை ஒப்பிட்டுத் தம் வரைவைத் திருத்தி 2015-இல் மறுபடியும் வெளியிட்டார். இத்தகைய பேறு எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

டவ்ஸ் எழுத்தில் கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் செல்லும். அது அகன்ற முனைப் பேனாவின் இயல்பு. அங்கே ஒரே பருமனைப் புகுத்துவது கொலைக்கு ஒப்பாகும். ஆனால் அதே ஹாமர்ஸ்மித் தெருவில், வாக்கர் வீட்டுக்கு இரண்டு மூன்று வீடு தள்ளி, 1905 முதல் 1912 வரை குடியிருந்த எட்வர்ட் ஜான்ஸ்டன், முற்றிலும் மாறான ஒன்றைச் செய்து காட்டினார். டவ்ஸ் விவிலியத்தின் முதற்பக்கத்தில் நெடிதுயர்ந்து நிற்கும் செந்நிற முதலெழுத்தை வரைந்தவரும் அவரே.

லண்டன் சுரங்க இருப்புப்பாதையின் அலுவலர் பிராங்க் பிக், சுவரெங்கும் நிறைந்த விளம்பரங்களுக்கு இடையே நிலையத்தின் பெயர் தனித்து விளங்க வேண்டும் என்று விரும்பினார். அதற்கென ஜான்ஸ்டன் வரைந்த எழுத்து 1916 முதல் வழக்கிற்கு வந்தது. கோடு எங்கும் ஏறத்தாழ ஒரே பருமன். பெரிய எழுத்தின் உயரம் கோட்டுப் பருமனைப் போல் ஏழு மடங்கு. ‘ஓ’ என்னும் எழுத்து முழு வட்டம். ‘ஐ’ எழுத்தின் தலைப்புள்ளி மட்டும் சாய்சதுரம். பேனா பிடித்த கையின் நினைவுக்கு அதனை விட்டுவைத்தார் போலும். 1908 முதல் நிலையங்களில் இருந்த செந்நிற முழுவட்டத்தை வளையமாக மாற்றி, இன்று உலகமே அறிந்த சின்னத்துக்கு அளவுகள் வகுத்ததும் அவர் கையே.

அவ்வெழுத்தும் காலப்போக்கில் மாறிற்று. புதிய அச்சுமுறைக்கு ஏற்ப 1979-இல் ஜப்பானியரான எய்ச்சி கோனோ அதனைத் திருத்தி வரைந்தார். 2016-இல், நூற்றாண்டை ஒட்டி, மறுபடி வரைந்தபோது, இடையில் நழுவிப்போன சில கூறுகளை ஜான்ஸ்டனின் வரைவினின்றும் மீட்டனர். மூலம் கைவசம் இருந்ததனால் அது கூடிற்று.

ஒரே பருமன் என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. நிமிர்ந்த கோட்டையும் கிடந்த கோட்டையும் அளவுகோல் வைத்து ஒரே பருமனாக வரைந்தால், கிடந்த கோடே தடித்துத் தோன்றும். வட்டமும் சதுரமும் ஒரே உயரமாயின், வட்டம் சிறுத்துத் தோன்றும். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்ற வேண்டுமாயின் அளவில் சிறிது வேறுபடவேண்டும். எழுத்து வரைவோர் இதனை வழிவழியாக அறிந்துள்ளனர். கணிப்பொறிக்கு இது தெரியாது. அதற்கு எண் ஒன்றே தெரியும்.

இத்துணையும் கற்றபின் நம் இலச்சினைக்குத் திரும்பினோம். முதலில் இளைஞர், தேய்ந்த படத்தைக் கணிப்பொறியிடமே கொடுத்துத் தானே தடம்பிடித்து வரையச் செய்திருந்தார். அது மைக்கறையையும் தாளின் மடிப்பையும் ஒன்றுவிடாமல் பயபக்தியுடன் வரைந்து வைத்திருந்தது. அதனை விலக்கினோம். அடுத்து, எல்லாக் கோடுகளுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்து வரைந்தார். மிகத் துப்புரவாக இருந்தது. ஆனால் சுடர் சுடராக இல்லை, வளைந்த கம்பியாக இருந்தது. மேலும், ரப்பர் முத்திரைக்கென அதனைச் சுருக்கியபோது உருவம் சுருங்கிற்றேயன்றிக் கோட்டின் பருமன் சுருங்கவில்லை. விளக்கு கரித்துண்டாய்க் காட்சியளித்தது. உருவத்தோடு கோடும் சுருங்க வேண்டும் என்று கணிப்பொறிக்குத் தனியே கட்டளையிட வேண்டும் என்பதை அன்று கற்றோம்.

பின்னர், பழைய மலர்களையும் அழைப்பிதழ்களையும் அன்பர் இல்லங்களிலிருந்து திரட்டினோம். பதினான்கு படிகள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் கோட்டின் பருமனைப் பல இடங்களில் அளந்தோம். இரட்டை வட்டமும் விளக்கின் தண்டும் எல்லாப் படிகளிலும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் இருந்தன. அவை கவராயத்தாலும் கோட்டுப் பேனாவாலும் இழுத்தவை என்பது தெளிவு. அவற்றுக்கு ஒரே எண். சுவடியின் கிடைக்கோடுகள் நெருங்கி நிற்பதால், ஒரே பருமனாகத் தோன்றும் பொருட்டு அவற்றைச் சிறிது மெலிதாக்கினோம். சுடரோ எல்லாப் படிகளிலும் அடியில் தடித்து, நுனியில் இடப்புறம் சற்றுச் சாய்ந்து மெலிந்தது. பதினான்கு படிகளிலும் மாறாத சாய்வு பிழையாக இருக்க முடியாது. அது தூரிகையின் தடம். அதனைத் தொடாமல், வெளிவிளிம்பை மட்டும் பின்பற்றி வரைந்தோம்.

எஞ்சியது ஒன்று. வெளிவட்டத்தின் கீழ்ப்புறம் இடப்பக்கத்தில் ஒரு சிறு இடைவெளி உண்டென்பதை அன்பர்கள் அறிவர். ‘வட்டம் மூடாமல் இருப்பது, ஊரை விட்டு வருவோர்க்கு இச்சங்கத்தின் கதவு என்றும் திறந்திருக்கும் என்பதன் குறி’ என்று நம் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆண்டுவிழா மேடைகளில் விளக்கம் சொல்லி வந்திருக்கிறார். கேட்டு நெகிழ்ந்தவர்களுள் நானும் ஒருவன். திரட்டிய படிகளுள் மிகப் பழையது, தொடக்க காலத்து ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டை. அதில் வட்டம் முழுமையாக மூடியிருந்தது. அடுத்த படியில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு. அதற்கடுத்ததில் இடைவெளி. பிளாக்கின் விளிம்பு எங்கோ அடிபட்டிருக்கிறது, அவ்வளவே.

அப்பெரியவரிடம் இதனைச் சொல்லும் பொறுப்பு என்மேல் விழுந்தது. ரசீதையும் மற்றப் படிகளையும் எடுத்துக்கொண்டு அவர் இல்லம் சென்றேன். பூதக்கண்ணாடியை வாங்கி ஒவ்வொன்றாக நெடுநேரம் பார்த்தார். ‘வரைந்தவர் மூடித்தான் வைத்தாரா?’ என்று கேட்டார். ‘ஆம் ஐயா’ என்றேன். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அந்த ரசீது யார் பெயருக்கு எழுதியது என்று பார்க்கச் சொன்னார்.

செயற்குழுவில் இதுபற்றி நீண்ட வாதம் நிகழ்ந்தது. சாரநாத்தில் 1904–05-ஆம் ஆண்டு அகழ்வில் கிடைத்த அசோகனின் சிங்கத் தூண்தலையின் உச்சியில் ஒரு பெருஞ்சக்கரம் இருந்தது. அது உடைந்து சில துண்டுகளே கிடைத்தன. 1950 ஜனவரி 26 அன்று நாடு ஏற்ற சின்னத்தில் அச்சக்கரம் இல்லை. சிதைந்ததைச் சிதைந்தவாறே கொள்வதில் இழுக்கில்லை என்று ஒருவர் எடுத்துக்காட்டினார். நல்ல எடுத்துக்காட்டுத்தான். ஆனால் அங்கே உச்சியில்லாத உருவத்தைத் தெரிந்தே தேர்ந்துகொண்டனர். இங்கே நாம் உடைந்ததை முழுமை என்று மயங்கினோம். தீர்மானத்துக்கு விட்டபோது, மூடிய வட்டமே நிலைபெற்றது. பெரியவரும் அதற்கே கை தூக்கினார்.

அவர் ஒன்றுமட்டும் வேண்டினார்: இடைவெளியோடு கூடிய பழைய உருவத்தை, காலஞ்சென்ற உறுப்பினர்களின் படங்கள் வரும் பக்கத்தின் அடியில் ஒருமுறை அச்சிட வேண்டும் என்பது. அவ்வாறே அச்சிட்டிருக்கிறோம். புதிய வரைவின் அளவுகளைப் பின்னட்டையின் உட்புறத்தில் தந்துள்ளோம்: வெளிவட்டத்தின் விட்டம் நூறு பங்கு, கோட்டின் பருமன் இரண்டு பங்கு, சுவடியின் கிடைக்கோடு ஒன்றே முக்கால் பங்கு, சுடரின் விளிம்புக்குரிய பதினொரு புள்ளிகளின் இருப்பிடம். கணிப்பொறிக் கோப்பு தொலைந்தாலும், ஒரு கவராயமும் அளவுகோலும் உடைய எவரும் அதிலிருந்து மறுபடி வரைந்துகொள்ளலாம்.